ஷாம்பு போட்ட புறா

திருவண்ணாமலையில் காலையிலிருந்து விடாத தூறல். இந்த ஈரத்தில் பஸ் வழுக்குமோ என்ற பயத்தில், புறப்படாமல் லாட்ஜ் மொட்டைமாடிக் கொட்டகையில் நிற்கிறேன். பக்கத்து மொட்டைமாடியில் சாதிக் பாய் புறா வளர்க்கிறார். பழக்குவதற்காகக் கீழ்பென்னாத்தூர் வரை கொண்டுபோய்ப் பறக்கவிட்ட நாலில் மூன்று திரும்பி வந்துவிட்டன. அவற்றின் முதுகில் மழைநீர் ஒட்டாமல் உருண்டு விழுகிறது. வெள்ளையை மட்டும் காணோம்.

"மழையில பறக்காதா பாய்?" ஏழாவதோடு நின்றவன் நான், கேட்டால்தான் தெரியும்.

"தூறல்ல வந்துடும்ங்க. இறக்கை மேல மாவாட்டம் ஒண்ணு இருக்கும், அது தண்ணிய உள்ள விடாது. நான்தான் நேத்து பளிச்சுனு இருக்கட்டும்னு ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டிட்டேன். மாவெல்லாம் போயிடுச்சி."

எதிர்க் கட்டடத்து சன்ஷேடில் அது நனைந்த துணிபோல உட்கார்ந்திருப்பதை நான்தான் முதலில் பார்க்கிறேன். நடுவே தெரு, கீழே ஆட்டோக்கள்.

"விசிலடிங்க பாய், வந்துடும்!"

"அடிச்சா வந்துடும், அதான் அடிக்கல. ஊறின இறக்கையோட பாதியிலயே விழுந்துடும். போய் எடுத்துனு வரேன். நீங்க கைய கிய்ய ஆட்டாதீங்க, ஜாஸ்தி பதறுறீங்க."

குடைகூட எடுக்காமல் இறங்கி ஓடுகிறார். எனக்குத் தும்மல் முட்டுகிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கிறேன். எதிர் ஜன்னலிலிருந்து பாயின் கை மெதுவாக நீண்டு வெள்ளையை அள்ளி உள்ளே எடுத்துக்கொண்ட பிறகுதான் தும்முகிறேன்.