எர்த் குழிக்கு ஊற்றாத தண்ணீர்

அந்தக் கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியை வெறுங்காலோடு நின்று தொட்டால் விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ‘சுருசுரு’வென்று இருக்கும். எண்பதுகளின் கடைசியில் கோவில்பட்டியில், எங்கள் தெருவில், ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தது என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், இருந்தது. என்னைவிடப் பதினோரு வயது மூத்த அண்ணன், மதுரையில் தான் வேலை பார்த்த கம்பெனியில் கழித்துப்போட்டதை வாங்கிவந்து, வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு ப்ரோகிராம் எழுதப்போவதாகச் சொல்லி நடுவீட்டில் வைத்தான். மூன்றே மாதத்தில் மெட்ராஸில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டான். மிஷின் எனக்கு மிஞ்சியது.

அய்யாவும் அம்மாவும் காலையில் எங்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் திரும்புவார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டைத் திறந்தால் நானும் அந்தப் பெட்டியும்தான். அண்ணன் சொல்லித்தந்தபடி ஃப்ளாப்பியைச் சொருகி, அன்றைக்கு யார் என்னோடு பேசினார்கள், யார் பேசவில்லை என்பதையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாகத் தட்டிக்கொண்டிருப்பேன். திடீரென்று பச்சை எழுத்துகள் அப்படியே நின்றுபோகும். இல்லையென்றால் திரை இருண்டு எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்கும். தட்டியதெல்லாம் போச்சு.

“மறுபடியும் மண்டையப் போட்டுட்டாக்கும்?” என்பாள் அம்மா, அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே.

உடனே அண்ணனுக்கு இன்லண்ட் லெட்டர் போடுவேன். அடுத்த சனிக்கிழமை ரயிலிலிருந்து இறங்கி வந்து நிற்பான். கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று வாளி வாளியாகக் குளித்துவிட்டு, பெட்டியைத் திறந்து, உள்ளே சொருகியிருக்கும் கார்டுகளை உருவி, அவற்றின் விளிம்பை அழிரப்பரால் தேய்ப்பான். அவன் கழற்றும் திருகாணிகளைக் கிண்ணத்தில் வாங்கிக்கொண்டே நான் ஒரு மாதத்துப் பேச்சையும் பேசித் தீர்ப்பேன். இதில் கூத்து என்னவென்றால், அவன் இருக்கிற இரண்டு நாளும் மிஷின் ஒரு தடவைகூட நிற்காது.

“ஏட்டி, நான் இருந்தா ஒழுங்கா ஓடுது, போனா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுது. அப்படியே ஒன்னய உரிச்சு வச்சிருக்கு” என்றான் ஒருதடவை. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கோடையில் தண்ணீருக்கு அப்படி ஒரு தட்டுப்பாடு. நாங்களெல்லாம் வீட்டுக்குள்ளேயே அரை வாளியில் குளித்தோம்; அண்ணன் வந்தால் மட்டும் அம்மா தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கமாட்டாள். ஒருநாள் நான் கொல்லையில் கால் இடறி விழுந்ததில் ஒரு குடம் தண்ணீரும் கொட்டி, துவைக்கிற கல்லைத் தாண்டி ஓடி, கரண்டுக்கு எர்த் இறக்கியிருந்த குழிக்குள் சலசலவென்று போய்விட்டது. அம்மாவிடம் முதுகில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனால் மூன்று நாள் மிஷின் நிற்கவில்லை. தொட்டால் எறும்பும் ஊரவில்லை. அப்போதுதான் குழி தோண்டிய அன்றைக்கு எலக்ட்ரீசியன் அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்தது.

“கரிசல் மண்ணு தாயி, காஞ்சா வெடிச்சு கம்பிய விட்டு விலகிரும், எர்த்து பிடிக்காது, மிஷினு மக்கர் பண்ணும். வாரத்துக்கு ஒரு குடம் தண்ணி மறக்காம ஊத்துங்க.”

குடிக்கவே இல்லாத வீட்டில் மண்ணுக்கு யார் ஊற்றுவார்கள்? அண்ணன் குளித்த தண்ணீர்தான் இத்தனை நாளும் அந்தக் குழிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. குழி காய்ந்து, மிஷின் மறுபடி நின்றபோது, வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல, சந்தோஷமாக லெட்டர் எழுதினேன்.

அண்ணன் வந்தான், ஆனால் சிரிக்கவில்லை. “சனிக்கிழமை லீவு கேட்டாலே கம்பெனியில மூஞ்சியில அடிச்ச மாதிரி பேசுதாக. இனிமே முடியாதுட்டி. இத மெட்ராசுக்கே கொண்டு போறேன், அங்கன வச்சுப் பாத்துக்கிடுதேன்” என்று சாக்கைச் சுற்றிக் கயிறு கட்ட ஆரம்பித்தான். சொன்னால் மிஷின் வீட்டில் தங்கும், அண்ணன் வரமாட்டான். சொல்லாவிட்டால் இரண்டும் போகும். வாய்வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் தெரிந்தே அவனை வரவழைத்ததை எப்படிச் சொல்வது? முடிச்சுப் போடுவதற்குக் கயிற்றைப் பிடித்துக்கொடுத்தேன். மெட்ராஸில் அது ஒருதடவைகூட நிற்கவில்லை என்று எழுதினான். அதற்கப்புறம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்தான்.

அந்த வீட்டை விற்று வெகுகாலமாயிற்று. கொல்லை முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டார்கள், குழி இருந்த இடத்தில் யாருடைய பைக்கோ நிற்கிறது. நான் இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறேன், இரண்டு தெரு தள்ளி, தனியாக. போன மாதம் போனில் பேசும்போது அண்ணனிடம் அந்த ஒரு குடம் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தான்.

“கோட்டிக்காரி, வாண்ணேன்னு ஒரு வரி எழுதியிருந்தா சும்மாவே வந்திருப்பேனே” என்றான்.

கோளாறு எதுவும் இல்லாமலே ஒருத்தரை வா என்று கூப்பிடலாம் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“அப்படின்னா இப்ப வாண்ணே” என்றேன்.



“முட்டு ரெண்டும் போச்சே தாயி, ரயில் ஏற முடியலியே” என்றான்.