கைக்காப்பு இல்லாத வாள்

பாரிஸின் புறநகரான வில்லியே லே பெல்லில் குடியிருக்கும் தர்மிளா, நகருக்குள் ஜப்பானியப் பழம்பொருள் விற்கும் ஒரு கடையில் பல வருடங்களாக வேலை செய்கிறாள். அவள் துடைத்துப் படமெடுப்பவை பெரும்பாலும் ட்சுபாக்கள். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே கோர்க்கும், உள்ளங்கையளவு இரும்புக் கைக்காப்புகள். ஒன்றில் பொன்னிழையில் நாரைகள் பறக்கும், இன்னொன்றில் அலைமேல் நிலவு நிற்கும். குத்தும்போது கை வழுக்கி அலகின்மேல் போய்விடாமல் தடுக்கத்தான் அவை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் தம்பி உதயனின் மரக்கறிக் கடையில் நின்றாள். தெருச் சண்டையொன்றில் ஒருவனின் காலை வெட்டியவர்களைப் பற்றி உதயன் பொலிசுக்குச் சாட்சி சொல்லியிருந்தான். முகத்தை மூடிய மூன்று பேர் வாள்களோடு உள்ளே பாய்ந்தார்கள். சனம் கத்திக்கொண்டு முருங்கைக்காய்ப் பெட்டிகளில் தடக்கி விழுந்தது.

"நீதானேடா பொலிசுக்குச் சொன்னனி?"

முதல் வெட்டு உதயனின் இடது தோளில் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் தர்மிளாவுக்குக் கேட்டது. அவன் மேசைக்குப் பின்னால் சரிந்தான். விழுந்தவனின் வயிற்றைக் குறிவைத்து இன்னொருவன் முழுப் பலத்தோடு குத்தவந்தான். தர்மிளா குளிர்பெட்டியின் கதவை இழுத்து அவன்முன் திறந்தாள்.

வாளின் நுனி கதவின் இரும்பில் மோதியது. வாள் நின்றது, கை நிற்கவில்லை. இரும்புத் தகட்டில் வெட்டித் தீட்டிய நாட்டு வாள் அது, கைக்காப்பு இல்லை. பிடியில் சீலை மட்டும் சுற்றியிருந்தது. அவனுடைய விரல்கள் அலகின்மேல் சறுக்கி ஓடின. இரண்டு விரல்கள் கொத்தமல்லிக் கட்டுகளுக்கிடையில் விழுந்தன. இரத்தம் அவள் முகத்தில் பீச்சியடித்தது. மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள்.

குத்தவந்தவன் அவள் காலடியில் விழுந்தான். முகத்துணி நழுவியபோது, இருபது வயது மதிக்கத்தக்க பொடியன்.

"அன்ரி, என்ரை கை... அன்ரி!"

"மேலை தூக்கிப் பிடி. கீழை பாராதை."

தன் கழுத்துத் துணியால் அவன் மணிக்கட்டை இறுக்கிக் கட்டினாள். பிறகுதான் தம்பியிடம் ஓடினாள். பொம்பியேக்காரர் அம்புலன்சோடு வரும்வரை, பிளந்த தோளை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். கையிலெடுத்த ட்சுபாவின் விளிம்பில் ஆழமான ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது. எப்போதோ, யாருடைய வாளோ அங்கே இறங்கியிருக்கிறது. அதைப் படமெடுக்காமல் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

நீதிமன்றத்தில் பொடியனை அடையாளம் காட்டியவளும் அவள்தான். அவன் சிறைக்குப் போனான். உதயனால் இடது கையைத் தூக்க முடியாமல் போயிற்று. தீர்ப்பு வந்த அன்று அவன் கேட்டான்:

"நான் ரத்தத்திலை கிடக்கேக்கை, முதல் அவனுக்கெல்லே கட்டுப் போட்டனீங்கள்?"

"அவன் என்ரை காலடியிலை கிடந்தான். வேறை ஒண்டும் நினைக்கேல்லையடா."

"நான் உங்கடை தம்பி, அக்கா."

"ஓம்."

தான் பிழை செய்ததாக அவள் நினைக்கவில்லை. இப்போதும் சனிக்கிழமைகளில் அந்தக் கடைக்குத்தான் போகிறாள். உதயனின் மனைவி லக்சிகா மரக்கறி நிறுத்துக் கொடுப்பாள். அக்காவின் குரல் கேட்டதும் உதயன் எழும்பிப் பின்னறைக்குப் போய்விடுவான்.