மார்கரெட்டின் வலது கன்னம்

மார்கரெட்டுக்குப் பத்தொன்பது வயதானபோது வலது கன்னம் வற்றத் தொடங்கியது. அடிபடவில்லை, காய்ச்சல் வரவில்லை. தோலுக்கு அடியிலிருந்த சதை வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போனது. முப்பதை எட்டும்போது அதுவாகவே நின்றுவிட்டது. அதற்குள் அந்தப் பக்கத்தில் கன்ன எலும்பு துருத்தி, வாயோரம் சுருங்கி, கண் குழிக்குள் போயிருந்தது. இடது பக்கம் மட்டும் வயதுக்குத் தக்கபடி இருந்தது. இது அபூர்வமாகச் சிலருக்கு வரும், ஏனென்று தெரியாது, மருந்தும் கிடையாது என்று மெட்ராஸில் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவள் நர்ஸ். ஏரித் தீவுகளில் அவள் கையால் ஊசி போட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. தன் முகத்தைப் பற்றிப் பேச அவளுக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

1986ஆம் வருஷம் தை மாதம் பசியாவரம் தீவுக்குத் தடுப்பூசி போடப் போனாள். வழக்கமான படகுக்காரனுக்கு உடம்பு சரியில்லை என்று கணவன் தானியேலே கோல் ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளைவிட நாலு வயது மூத்தவன். எளாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த ஒரு பெண், கைக்குழந்தையுடன் படகருகில் நின்று, தானியேலைக் காட்டிக் கேட்டாள்:

“இன்னா நர்சம்மா, மவன இட்டுக்கினு வந்துட்டியா?”

தானியேல் வாய்விட்டுச் சிரித்தான். மற்ற பெண்கள் பேசாதே என்று அவளுக்கு ஜாடை காட்டினார்கள். மார்கரெட் ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுத்து மாட்டி, குழந்தையின் தொடையில் போட்டாள். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தானியேலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த மாதம் பயிற்சிக்காக மெட்ராஸ் போனபோது, கூடப் பயின்ற ஒரு நர்ஸ் சொன்னாள்: “இப்பல்லாம் மூஞ்சிக்கே ஊசி வந்துடுச்சு. சினிமாக்காரங்க போட்டுக்கிறாங்க.” அதைப் போடும் ஒரு டாக்டரின் முகவரியும் கொடுத்தாள்.

அந்தத் தனியார் டாக்டர் மார்கரெட்டின் கன்னத்தை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று சிலிகான். எண்ணெய் மாதிரி இருக்கும், ஒருமுறை உள்ளே போனால் ஆயுசுக்கும் அப்படியே நிற்கும். இன்னொன்று கொலாஜன். மாட்டுத் தோலிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தது, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆறு மாதத்தில், மிஞ்சினால் ஒரு வருஷத்தில் கரைந்துவிடும். முதலில் கையில் கொஞ்சம் போட்டு ஒரு மாதம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும்.

“சிலிகானுக்கு டெஸ்ட் இல்லியா, டாக்டர்?”

“தேவையில்லம்மா.”

“போட்டப்புறம் ஒத்துக்கலேன்னா வெளிய எடுத்துடலாமா?”

“எதுக்கு எடுக்கணும்? அழகாத்தான் இருக்கும்.”

கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை என்பதை மார்கரெட் கவனித்தாள். எழுபத்திநாலில் கருப்பன் என்ற மீனவருக்கு டெஸ்ட் பார்க்காமல் பென்சிலின் போட்டுவிட்டு, அவர் கண் செருகி விழுந்ததைப் பார்த்தவள் அவள். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் உள்ளே தள்ளிய மருந்தைத் திருப்பி உறிஞ்ச முடியாது என்பது அன்றைக்கு அவள் கைக்கே தெரிந்துபோனது.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினாள். மறுநாள் அரசு மருத்துவமனை ஒன்றின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் சீட்டு எழுதிக் காத்திருந்தாள். பக்கத்தில் முந்தானையால் தாடையை மூடியபடி ஐம்பது வயதுக்காரி ஒருத்தி. பெயர் மெஹருன்னிசா, வீடு ராயபுரம். மார்கரெட் எதற்காக வந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் முந்தானையை விலக்கினாள்.

“நானும் போட்டுக்கினவதான். சிரிச்சா கோடு விழுதுன்னு ரெண்டு பக்கமும் சிலிகான் போட்டாங்க. அஞ்சு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் எறங்கிடுச்சு. தொட்டுப் பாரு.”

மார்கரெட் தொட்டாள். தோலுக்கடியில் கொட்டைப்பாக்கு அளவில் மூன்று நான்கு கட்டிகள், நகராமல் ஒட்டிக்கிடந்தன. மேல்தோல் சிவந்து சூடாக இருந்தது.

“எடுத்துடலாம்னு சொல்றாங்களாக்கா?”

“கிழிச்சித்தான் எடுக்கணுமாம். கிழிச்சாலும் முழுசா வராதாம்.”

அத்துடன் சிலிகான் கணக்கிலிருந்து போயிற்று. கொலாஜன் மீதி இருந்தது. ஆனால் குழி ஆழமானது, வருஷம் தவறாமல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கப்பலில் சரக்கு வராவிட்டால் முகம் பழையபடி விழுந்துவிடும். அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே கூப்பிட்டார்கள்.

அங்கிருந்த சர்ஜன் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். அவளுடைய வயிற்றிலிருந்தே கொழுப்பை உறிஞ்சி எடுத்துக் கன்னத்தில் செலுத்துவது. புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். “பாதி கரைஞ்சு போகலாம். முக்காலும் போகலாம். எவ்வளவு நிக்கும்னு என்னால சொல்ல முடியாது” என்றார்.

தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது மார்கரெட்டுக்குப் பிடித்திருந்தது.

வீட்டில் மூன்றையும் சொன்னாள். தானியேல் வலையைக் கீழே போட்டுவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான்.

“வயித்துலேர்ந்து எடுக்கறாங்களா? உன் வயித்துல எடுக்கறதுக்கு இன்னா கீது?”

“கொஞ்சம் கீது. போதுமாம்.”

“எனக்காவ ஒண்ணும் வாணாம். அந்தப் பொண்ணு சொன்னதுக்கா இதெல்லாம்?”

“உனக்காவ இல்ல. எனக்கு.”

அவன் குனிந்து வலையை எடுத்துக்கொண்டான். சித்திரையில் அவளைப் பொன்னேரி ரயிலில் ஏற்றிக் கூட்டிப்போனான்.

சிகிச்சை முடிந்து மூன்று வாரம் கன்னம் பொன்னுக்கு வீங்கி வந்தது மாதிரி உப்பிக்கிடந்தது. தீவுப் பெண்கள் வேப்பிலை அரைத்துப் போடச் சொன்னார்கள். பிறகு வீக்கம் வடிந்தது, கன்னம் நிறைந்து அழகாக இருந்தது. அந்த நாட்களில் அவள் பொன்னேரியில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள், முகத்தைத் திருப்பாமல் நேராக நின்று. ஐந்தாவது மாதம் கன்னம் மறுபடி இறங்க ஆரம்பித்தது. இந்த முறையும் முழுசும் போய்விடுமோ என்று தினமும் காலையில் விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஏறக்குறையப் பாதியில் நின்றது. மறு வருஷம் இன்னொரு தடவை செய்துகொண்டாள். அதில் மேலும் கொஞ்சம் நின்றது.

இரண்டு கன்னமும் ஒன்றுபோல ஆகவில்லை. வலது பக்கம் இடதைவிடச் சில வருஷம் மூத்ததாகத் தெரிந்தது, அவ்வளவுதான். மூன்றாவது தடவையும் செய்யலாம் என்று சர்ஜன் சொன்னபோது, இது போதும் டாக்டர் என்று சொல்லிவிட்டாள். அதன்பின் மெட்ராஸுக்கு அதற்காகப் போகவில்லை. சர்ஜனிடம் அப்படிச் சொன்ன வாரம் தீவுகளில் போலியோ சொட்டு மருந்து போடுவது பாக்கியிருந்தது.