ரெங்கராஜ் விசாரித்த கணக்கு

அல்சைமர் நோயில் செம்பு என்ன செய்கிறது என்பது அமிர்தத்துக்குத் தெரியும். ஏற்கெனவே பல் துலக்கியாகிவிட்டது என்பதைக் கணவருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதுதான் தெரியாது.

திருச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. அமிலத்தையோ குடுவையையோ தொடாமல் கம்ப்யூட்டரிலேயே வேதியியல் செய்பவர். நோயாளியின் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதம் செம்பைப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் செம்பு ஆக்சிஜனிலிருந்து பெராக்சைடை உண்டாக்கி நரம்பணுக்களைச் சிதைக்கிறது. அதற்கு எவ்வளவு ஆற்றல் பிடிக்கும் என்பதே அவருடைய கணக்கு. அதை எடுத்த காலத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஞாபகசக்தி அமோகமாக இருந்தது. நோய் பிறகுதான் வந்தது.

மணப்பாறையிலிருந்து நாத்தனார் செல்லக்கிளி முறுக்கோடு ஒரு செம்புக் குடமும் கொண்டுவந்தார்; அந்தத் தண்ணீர் மூளைக்கு நல்லதாம். அமிர்தத்தின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் பதறிப்போய்க் குடத்தைத் திருப்பி எடுத்துப்போனார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் செம்பு வேறு விஷயம் என்று அமிர்தம் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் எடுபடவில்லை.

கணவர் ரெங்கராஜ் கைலாசபுரம் தொழிற்சாலையில் வெல்டிங்கைச் சோதித்து ஓய்வு பெற்றவர். மயிரிழை விரிசலுக்காக முழுக் குழாயையும் திருப்பி அனுப்பிய மனிதர், கணக்கு முடிந்தால் மருந்து வந்துவிடும் என்று எந்தச் சோதனையும் இல்லாமல் நம்பினார். அதில் மருந்து இல்லை என்று அமிர்தம் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தபின் மறுபடி சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டில் தினமும் காலைக் காபியோடு விசாரணை நடக்கும்.

“கணக்கு முடிஞ்சுதா, அமிர்தம்?”

“ஓடிக்கிட்டு இருக்குங்க.”

“அவசரப்படாத. தப்பாப் போச்சுன்னா முதல்லேர்ந்து போடணும்.”

ஆடி மாதம் கணக்கு முடிந்தது. எதிர்பார்த்ததைவிடக் குறைந்த ஆற்றலே போதும் என்றது விடை. அதாவது, செம்பு அந்த வேலையை அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. கட்டுரைக்கு அருமையான சேதி.

மறுநாள் காலை ரெங்கராஜ் கேட்டார். தசமப் புள்ளியில் ஏமாற்றிய மாணவர்களைத் தயங்காமல் பெயிலாக்கிய அமிர்தம், “ஓடுதுங்க” என்றார். அது பொய்யாக இருக்கக் கூடாது என்று கல்லூரிக்குப் போய், செம்பைச் சுற்றி இன்னும் சில தண்ணீர் மூலக்கூறுகளைச் சேர்த்து மறுபடி ஓடவிட்டார். அறிவியலுக்கு அது தேவைப்படவில்லை.

ஆவணியில் ஒரு காலை ரெங்கராஜ் காபியைக் குடித்தார், கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் அந்தக் கேள்விக்குச் சலித்துக்கொண்ட அமிர்தம், இப்போது டம்ளர் காலியாகும் வரை எதிரே உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்துக்கு மேல் தாங்கவில்லை.

“ஏங்க, அந்த மருந்துக் கணக்கு முடிஞ்சிடுச்சு.”

ரெங்கராஜ் டம்ளரைக் கீழே வைத்தார். புதிதாக வந்த விருந்தாளியிடம் பேசுவதுபோல், “ரொம்ப சந்தோஷங்க” என்றார். “யாருக்கு உடம்பு சரியில்ல?”

“எங்க வீட்டுக்காரருக்கு.”

“அடப் பாவமே.” உண்மையிலேயே வருத்தப்பட்டார். “அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?”

“இப்பத்தாங்க சொன்னேன்” என்றார் அமிர்தம்.