மழைக்குக் கைதட்ட முடியாத வீடு

மழை வந்தால் உங்கள் ஊரில் மண்வாசனை அடிக்குமாமே... எல்லார் ஸ்டேட்டஸும் பார்க்கிறேன். எங்கள் தெருவில் முதல் தூறல் விழுந்ததும் மூக்கில் ஏறுவது உப்பளத்துச் சேற்று நெடி. அதன் பின்னாலேயே அப்பாவின் குரல்.

"போச்சு... எல்லாம் போச்சு!"

அப்பா அப்போது மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை பார்த்தார். வெயில் காய்கிற வரைக்கும்தான் சம்பாத்தியம். நடுவில் ஒரு கோடை மழை கொட்டினால் போதும், பாத்தியில் விளைந்த உப்பு கரைந்துவிடும். பாத்தி மறுபடி காய்ந்து உப்பு கட்டுகிற வரை வீட்டில்தான் உட்கார வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் மேகம் என்றாலே எதிரி.

அந்த வீட்டில் இருந்துகொண்டு நான் பெர்மாகல்ச்சர் பண்ணை ஆரம்பித்தேன்!

காலேஜ் முடித்த வருஷம். எனக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் யூடியூப்தான். அம்மாவின் பங்காக வந்த துண்டு நிலம், சவுக்குத் தோப்புக்கும் உப்பளத்துக்கும் நடுவில். உழவு கிடையாது, உரம் கிடையாது. சவுக்குச் சருகை அள்ளி வந்து மூடாக்காகப் பரப்பி மண்ணை மூடினேன். முருங்கை, அகத்தி, வாழை, பப்பாளி, கத்திரி எல்லாவற்றையும் கலந்து நெருக்கி நட்டேன். மழைத்தண்ணீர் பிடிக்க ஒரு குழியும் வெட்டினேன். நான் வைத்த பெயர் 'ஃபுட் ஃபாரஸ்ட்'. அம்மா வைத்த பெயர் 'குப்பமேடு'.

அதே மாதம் என் கிளாஸ்மேட் ஸ்டெல்லாவும் பெருமுக்கல் பக்கம் அவள் அப்பா நிலத்தில் ஆரம்பித்தாள்.

ஐயோ, அந்தப் பொறாமையை என்னவென்று சொல்வது! அவளுக்குச் செம்மண். அவள் கிணற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி. ஆரோவில்லில் வேலை பார்க்கிற அவள் அக்கா, வாரக் கடைசியில் தெரிந்தவர்களை எல்லாம் கூட்டி வந்து மரம் நட வைப்பாள். என் பப்பாளி முழங்காலைத் தொடுவதற்குள் அவள் பப்பாளி பூ வைத்துவிட்டது. ஃபோட்டோ வரும். ஹார்ட் போடுவேன். போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்...

கத்திரி வெயில் வந்தது. என் போர்வெல் தண்ணீர் உப்புக் கரித்தது. இலைகள் ஓரத்திலிருந்து கருக ஆரம்பித்தன. அந்தத் தண்ணீரை ஊற்றினால் உப்பில் சாகும், ஊற்றாவிட்டால் வெயிலில் சாகும். ஒரு நல்ல மழை வந்து மண்ணைக் கழுவினால்தான் என் தோட்டம் பிழைக்கும்.

வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றி, "இந்த மாசம் பூரா வெயில் அடிக்கணும் தாயே" என்பாள். நான் பக்கத்திலேயே நின்று, உதடு அசையாமல், மழை கேட்பேன். ஒரே விளக்குக்கு முன்னால் இரண்டு மனு. அம்மனே குழம்பிப்போயிருப்பாள்.

ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு உப்புக் குவியலை மூட ஓடினார். அடுத்த நிமிஷம் கொட்டியது பாருங்கள்... அப்படி ஒரு மழை!

ஸ்டெல்லா வீடியோ காலில் வந்தாள். அவள் அப்பா தலையில் துண்டோடு வாசலில் குதித்துக்கொண்டிருந்தார். அவள் அம்மா கைதட்டினாள். "மீனா, மழைடி! ஆடுடி!"

"சிக்னல் இல்லடி" என்று கட் பண்ணிவிட்டேன்.

செம்மண்ணை, கிணற்றை, பப்பாளிப் பூவை எல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். மழை வந்தால் வீடே சேர்ந்து கத்தலாம் என்று அவளுக்கு இருந்தது பாருங்கள்... அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா தொப்பலாக நனைந்து வந்தார். "பாதி மூடறதுக்குள்ள ஊத்திடுச்சி. மிச்சம் அவ்ளோதான்."

"இனிமே எப்ப கூப்புடுவாங்களோ" என்றாள் அம்மா.

நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு துண்டை நீட்டினேன். அப்பா தலை துவட்டியபடியே என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உன் குழி ரொம்பிச்சா?"

"பாக்கலப்பா."

"நீயாவது பாக்காம இருக்கறதாவது! போய்ப் பாரு போ. சிரிப்ப அடக்கி அடக்கி மூஞ்சே வீங்கிக் கெடக்குது."

ஓடினேன். குழி தளும்பியது. இலைகளெல்லாம் கழுவி விட்ட மாதிரி பளபளத்தன. சவுக்குத் தோப்புக்குள் போய் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியாகக் கத்தினேன். என் தோட்டம் பிழைத்தது அந்த மழையில்தான். அப்பா வேலையில்லாமல் உட்கார்ந்ததும் அந்த மழையில்தான்.

இப்போது அது நிஜமாகவே குட்டிக் காடு. பப்பாளி ஃபோட்டோ நான் போடுகிறேன். ஸ்டெல்லா பண்ணையை விட்டுவிட்டுச் சென்னையில் ஐடி வேலையில் இருக்கிறாள். "பொறாமையா இருக்குடி" என்று கமெண்ட் போட்டாள். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் தெரியுமா? தேன்!

முட்டி வலியால் அப்பா உப்பளத்தை விட்டுவிட்டார். இப்போது சருகு அள்ளுவதும் நாற்று நடுவதும் அவர்தான். மூடாக்கு பற்றி என்னிடமே கிளாஸ் எடுக்கிறார்.

போன வாரம் ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. இனி இந்த வீட்டில் யாருக்குப் பயப்பட வேண்டும்? "மழை!" என்று கத்திக்கொண்டே தோட்டத்துப் பக்கம் குதித்தேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். அவரும் நனைந்து நின்றார், வாயெல்லாம் பல். ஆனால் குரல் மட்டும் ரகசியம்.

"கத்தாத. பக்கத்து வூட்ல ஏழுமலை இருக்கான். நாளைக்கி உப்பு வாரணும்னு சொல்லினு இருந்தான், பாவம்."

ஏழுமலை மாமா அப்பாவோடு வருஷக்கணக்காக உப்பு வாரியவர். இன்னும் அங்கேதான் போகிறார்.

அன்றைக்கு இந்த வீட்டில் மழைக்குச் சிரிப்பை மறைத்தவள் நான் ஒருத்தி. இந்த முறை வாழை மறைவில், சத்தமே இல்லாமல், இரண்டு பேர் ஆடிக்கொண்டிருந்தோம்.