மிதிபடுவதற்காக வெட்டிய பெயர்

தலையில் நாலு முடி மிச்சமிருக்கும்போதே அருவியில் நனைத்துவிடலாம் என்றுதான் போன ஆடியில் குற்றாலம் கிளம்பினேன். தென்காசியில் காலை 7.10 பஸ், மூன்று மைல், பதினைந்து நயா பைசா. கண்டக்டர் என் வயிற்றைப் பார்த்து, "ரெண்டு டிக்கெட்டா அண்ணாச்சி?" என்றார். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லை. பிறகுதான் வந்தது.

குளித்துவிட்டு அரை மைல் நடந்து ஒரு சின்னக் கோயிலுக்குப் போனேன். வாசல் தரைக் கற்களில் பெயர்கள் வெட்டியிருந்தன. ராஜாக்கள் சுவரில் வெட்டியது தங்கள் பெருமையை. இந்தச் சாதாரண ஜனங்கள் தரையில் வெட்டியது, கும்பிட வருகிறவர்களின் காலடித் தூசி தங்கள் மேல் படட்டும் என்று. அவற்றில் ஒரு புதுக் கல்லைச் சுற்றி மட்டும் இடுப்புயரக் கம்பி வேலி. அதன்மேல் தகரப் பலகை. அதில் தர்மகர்த்தாவின் பெயர், கல்லில் இருந்த பெயரைவிட நாலு மடங்கு பெரிதாக.

புளியங்குடியில் எலுமிச்சம்பழம் விற்கும் ஒரு பெண், அங்கே நின்றிருந்த அந்தத் தர்மகர்த்தாவோடு மல்லுக்கு நின்றாள். கல்லில் இருப்பது அவள் புருஷன் பெயர். லாரி ஓட்டியவர், இறந்து ஒரு வருஷம்.

"பேர மிதிச்சா பாவம்லா? மரியாதைக்குத்தான் வேலி. போடி!" என்றார் தர்மகர்த்தா.

"மிதிக்கதுக்குத்தானய்யா வெட்டுனேன்! அவிய இருந்தவரைக்கும் கோயில் வாசல்ல கால் வச்சதில்ல. நாலு பேரு கால்தூசி பட்டாவது கரையேறட்டும்னு பாத்தா, ஜெயில்ல அடச்சு வச்சிருக்கீரே!"

பூசாரி என் காதோரம் வந்து, "பலக மாட்ட சுவத்துல இடமில்ல, அதான் வேலி" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். நாலு சுவரிலும் தர்மகர்த்தாவின் பெயர்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. செத்தவனின் பெயரைச் சிறைவைத்து அதன் தலையில் ஏறி நிற்பதற்கு மரியாதை என்று பெயராம்!

வேட்டியை மடித்துக் கட்டி வேலியில் ஏறினேன். நடுவில் வயிறு மாட்டிக்கொண்டது.

"கிழிஞ்சா நான் பொறுப்பில்ல வே!" என்று தர்மகர்த்தா கத்தினார்.

கிழிந்தது. உள்ளே விழுந்தேன்.

"நான் ஒண்ணும் பெரிய பக்திமான் இல்ல தாயி" என்றேன்.

"இன்னைக்குக் கெடச்சது நீங்கதான? நல்லா அழுத்தி மிதிங்க அண்ணாச்சி" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மிதித்தேன்.

வேலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போகிறவர்கள் பழைய வேட்டியாகக் கட்டிப் போங்கள். பதினொரு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள். ஏறும்போது தகரப் பலகையைப் பிடித்துக்கொள்ளலாம், அந்தப் பெயருக்கு அந்த உபயோகமாவது உண்டு. அருவியிலிருந்து நடந்தே போங்கள். வாசலில் காலை மட்டும் கழுவிவிடாதீர்கள்.