பொருமினாரா, கறுவினாரா

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் தமிழ் டைப்பிஸ்டாக இருந்தேன். சேர்ந்து மூன்றாவது மாதம்; வேலை நிரந்தரமாகவில்லை. யார் கூப்பிட்டாலும் வேலை போய்விட்டதோ என்றுதான் தோன்றும்.

ஒரு நாள், பழம் பறிக்கும் அக்கா ஒருவரை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயனில் ஒழுகாத வீடு ஒன்று காலியானால் அவருக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். காலியானதும் மேஸ்திரி அதைத் தன் மச்சினனுக்குக் கொடுத்துவிட்டார். அதோடு, கேட்கப் போன அக்கா தன்னை மிரட்டியதாக மேஸ்திரியே மேனேஜரிடம் புகாரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எஸ்டேட் கணக்கரான ரைட்டர் விசாரிக்க, நான் டைப் அடிக்க வேண்டும்.

"அன்னைக்கு என்ன சொன்னே?"

"ஊட்டுக்குள்ள மழை கொட்டுதுங்க. பொறுத்துக்கிட்டுத்தானுங்க இருந்தேன். எனக்குச் சொன்ன ஊட்டை அவிங்களுக்குக் குடுக்கவும் நொம்பப் பொருமிப் போச்சுங்க. அதைத்தானுங்க சொன்னேன்."

ரைட்டர் என் பக்கம் திரும்பினார். "'மேஸ்திரி மேல் கறுவிக்கொண்டிருந்தேன்'னு அடிம்மா."

விரல் நின்றுவிட்டது. பொருமுவது, அநியாயத்தைக் கேட்க வழியில்லாமல் நெஞ்சுக்குள்ளேயே விம்முவது. கறுவுவது, பழிவாங்கச் சமயம் பார்த்திருப்பது. அந்தச் சொல்லை அடித்தால் அக்காவின் வேலை போய்விடும். அவருக்குப் படிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்துவிடுவார்.

"பொருமிப் போச்சுன்னுதான் சொன்னாங்க சார்." மெஷினைப் பார்த்தபடியே சொன்னேன்.

"ரெண்டும் கோவந்தானேம்மா. அடி."

அடித்தேன். 'மனம் பொருமினேன்' என்று. எந்தத் தைரியத்தில் அடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை. அதற்குள் வெளியே மேனேஜரின் ஜீப் வந்து நிற்க, ரைட்டர் அவசரமாகக் கைநாட்டு வாங்கி, படிக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். பக்கத்தில் ரைட்டர் நின்றிருந்தார். மேனேஜருக்குத் தமிழ் அரைகுறை. தாளில் 'பொருமினேன்' மேல் விரலை வைத்து, "இதுக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "மிரட்டுறது இல்லைங்க சார். அநியாயமா நடத்தினா மனசுக்குள்ள அழுகையும் கோவமும் சேர்ந்து வருமே, அதுங்க."

மேனேஜர் ரைட்டரைப் பார்த்தார். பிறகு, புகாரில் ஒன்றுமில்லை என்று எழுதி, தாளை அவரிடமே நீட்டினார்.

அக்காவின் வேலை தப்பியது. வீடு கிடைக்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ரைட்டர் அதன்பின் என்னிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அதுதான் அதிகப் பயமாக இருந்தது. சேலத்தில் வேறு வேலை கிடைத்துப் போகும்வரை, முதுகுக்குப் பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே என் விரல்கள் தப்பான எழுத்தில் விழும்.